நியூத்திரன் விண்மீன் இருக்கும் திசையைக் காண்பது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறை வான்நோக்குநருக்கு ஒரு வழிகாட்டி

நியூத்திரன் விண்மீன் என்பது பெருநிறை விண்மீன் வெடித்த பின்னர் எஞ்சும் மிக அடர்ந்த சிறு மையம். வெறுங்கண்ணால் பார்க்கக்கூடிய நியூத்திரன் விண்மீன் ஒன்றுகூட வானத்தில் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தொலைபேசித் திரையில் வண்ணப்படங்களைப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போகும் புதியவர்கள் அரை மணி நேரத்தில் சலிப்புடன் வீடு திரும்புவதற்கு இந்த எதிர்பார்ப்பே காரணம். ஆயினும் அந்த விண்மீன்கள் இருக்கும் இடங்கள் துல்லியமாக அறியப்பட்டவை. கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களை அடையாளமாகக் கொண்டு, “அதோ, அந்த இரண்டுக்கும் நடுவில்” என்று விரல் நீட்டிக் காட்டும் அளவுக்கு எவரும் பழகிக்கொள்ளலாம். அதற்குத் தொலைகாட்டி தேவையில்லை. தெரியும் விண்மீன்களின் நிறத்தை வாசிக்கவும், அந்த நிறத்தையும் நிறையையும் கொண்டு ஒவ்வொன்றும் என்னவாக முடியும் என்று சொல்லவும் தெரிந்தால் போதும். இக்கட்டுரை அந்த ஒழுங்கிலேயே செல்கிறது.

முதலாவது படி: காலத்தையும் இடத்தையும் தெரிவு செய்தல்

வானியல் நூல்களிற் பெரும்பாலானவை ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை. ஓரியன் உடுத்தொகுதியை டிசம்பர் இரவுகளிற் பார்க்கும்படி அவை சொல்கின்றன. நமக்கோ அது வடகீழ்ப் பருவமழை கொட்டும் காலம். முகில் விலகும் இரவு கிடைப்பதே அரிது. ஆகவே கிழக்கிலங்கையின் வான்நோக்கு ஆண்டு பெப்ரவரியில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. பெப்ரவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை முன்னிரவில் ஓரியனும் இடபமும் உச்சிக்கு அருகிலும், அகத்தியர் எனப்படும் கனோபஸ் விண்மீனும் வேலா உடுத்தொகுதியும் தெற்கிலும் தெரியும். மே, ஜூன் மாதங்களில் தென்சிலுவையும் அல்பா சென்டோரியும் தென்வானில் நிற்கும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை விருச்சிகமும் தனுசும் முன்னிரவை ஆளும். கச்சான் காற்று வீசும் அந்த மாதங்களிற் பகல் வெக்கை தாங்க முடியாததாக இருந்தாலும், இடையிடையே வரும் மாலை இடிமழையைத் தவிர்த்தால் இரவுகள் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும்.

நாளைத் தெரிவு செய்ய வீட்டுச் சுவரில் தொங்கும் கலண்டரே போதும். போயா தினத்துக்குப் பின்னர் சந்திரன் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி உதிக்கிறது. ஐந்தாவது நாளில் அது எழ இரவு 10 மணி கடந்துவிடும். அன்று முதல் அமாவாசை கழிந்த மூன்று நான்கு நாட்கள் வரையிலான இரண்டு வாரமே முன்னிரவில் விண்மீன் பார்ப்பதற்குரிய காலம்.

இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுவான்கரையில் கடல் கிழக்கே இருப்பதால் கிழக்கு அடிவானம் இருளாகவும் தடையில்லாமலும் கிடைக்கும். ஆனால் கல்லடிக் கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால் காத்தான்குடிப் பக்கத்து வெளிச்சம் அடிவானத்தை வெளுப்பாக்கிவிடும். தென்வானைப் பார்க்க விரும்புவோருக்குத் திருக்கோவில், பாணமைப் பக்கமும், வடக்கே வாகரைப் பக்கமும் மேலானவை. படுவான்கரை வயல்வெளிகள் நல்ல இருட்டு என்பது உண்மை. ஆயினும் யானை நடமாட்டம் உள்ள ஊர்களில் இரவில் வயலோரமோ குளக்கட்டிலோ தனியாகப் போய் நிற்பதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் பின்னால் வருவது தெரியாது. பள்ளிக்கூட மைதானமோ, தெருவிளக்கு மறைந்த வீட்டு முற்றமோ, மொட்டைமாடியோ தொடக்கத்துக்குத் தாராளமாகப் போதும்.

கொண்டு போக வேண்டியவை அதிகமில்லை. படுத்துப் பார்ப்பதற்கு ஒரு பாய், நுளம்புக்கு ஏதாவது பூச்சு, சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டோர்ச், ஒரு கொப்பி, பென்சில். இருளுக்குக் கண் முழுமையாகப் பழகுவதற்கு 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். இடையில் ஒருமுறை தொலைபேசித் திரையின் வெள்ளை ஒளியைப் பார்த்தால் அந்த அரை மணி நேரம் வீணாகிவிடும். ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருள் நல்ல துணை. அதன் இரவுப் பயன்முறையை இயக்கித் திரையைச் சிவப்பாக்கிக்கொண்ட பின்னரே வெளியிற் செல்ல வேண்டும். பணம் செலவழிக்க விரும்புவோர் 7×50 அல்லது 10×50 பைனாகுலர் ஒன்றை வாங்கலாம். “500 மடங்கு பெருக்கும்” என்று பெட்டியில் அச்சிட்டு விற்கப்படும் மலிவான தொலைகாட்டிகள், ஆடும் முக்காலியும் மங்கிய வில்லையுமாக, ஆர்வத்தைக் கெடுப்பதற்கென்றே செய்யப்பட்டவை போல இருக்கின்றன. கடற்கரையில் எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும் உப்புக்காற்றின் ஈரப்படலம் வில்லையிற் படியும். அதைச் சட்டைத் துணியால் அழுத்தித் துடைத்தால் கீறல் விழும். முதலில் ஊதித் தூசியை அகற்றிவிட்டு, வில்லைக்குரிய மென்துணியால் மெதுவாக ஒற்றி எடுக்க வேண்டும்.

இரண்டாவது படி: உச்சியில் நிற்கும் திருவாதிரையிலிருந்து தொடங்குதல்

பஞ்சாங்கத்தில் 27 நட்சத்திரங்களின் பெயர்களும் நம்மவருக்கு மனப்பாடம். ஆனால் தன் பிறந்த நட்சத்திரத்தை வானத்தில் ஒருமுறையாவது பார்த்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் விரல்விட்டு எண்ணிவிடலாம். மார்கழியில் திருவெம்பாவை பாடி முடித்துத் திருவாதிரையன்று கோயிலுக்குப் போகும் நமக்கு, அந்தத் திருவாதிரையே முதற்பாடமாக அமைவது பொருத்தம்.

பெப்ரவரி நடுப்பகுதியில் இரவு 8 மணியளவில் பாயை விரித்து மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய நேர் உச்சியில், இலேசான செம்மஞ்சள் நிறத்தில் பிரகாசமாகத் தெரிவதே திருவாதிரை. உலக வழக்கில் அதன் பெயர் பெட்டல்ஜியூஸ். வான நடுக்கோட்டிலிருந்து அதன் விலகல் 7.4 பாகை வடக்கு; கல்முனையின் அகலக்கோடும் அதே 7.4 பாகை வடக்கு. ஆகவே அந்த விண்மீன் ஒவ்வொரு நாளும் ஒரு தடவை கல்முனைக்கு நேர் மேலாகக் கடந்து செல்கிறது. மட்டக்களப்பு நகரில் அது உச்சியிலிருந்து விலகி நிற்கும் தூரம் முழுநிலவின் அகலத்தைவிடக் குறைவு. உச்சியில் இருக்கும் விண்மீனின் ஒளி, வளிமண்டலத்தின் மிக மெல்லிய பகுதியூடாக வருவதால், அதன் நிறம் கலப்படமின்றித் தெரியும். இந்த வாய்ப்பு இலண்டனில் இருப்பவருக்குக் கிடையாது.

திருவாதிரைக்குத் தென்மேற்கே வரிசையாக மூன்று விண்மீன்கள் தெரியும். அது ஓரியனின் இடைவார். அந்த மூன்றையும் தாண்டி மறுபக்கத்தில் நீலவெள்ளையாக ஒளிர்வது ரைஜல். இடைவாரை வடமேற்கே நீட்டினால் செம்மஞ்சளான உரோகிணியையும், மேலும் நீட்டினால் கார்த்திகைக் கூட்டத்தையும் அடையலாம். எதிர்த்திசையில், தென்கிழக்கே நீட்டினால் வானத்திலேயே மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸ். அதிலிருந்து தெற்கே இறங்கினால் அகத்தியர். ஒரே இரவில் இவை அனைத்தையும் பிழையின்றிக் காட்டப் பழகிவிட்டால் அடிப்படைப் பாடத்தின் பாதி முடிந்துவிட்டது.

மூன்றாவது படி: நிறத்தை வாசித்தல்

விண்மீனின் நிறம் அதன் மேற்பரப்பு வெப்பநிலையைச் சொல்கிறது. திருவாதிரை ஏறக்குறைய 3,500 கெல்வின், உரோகிணி 3,900, நமது சூரியன் 5,772, சிரியஸ் ஏறக்குறைய 9,900, ரைஜல் ஏறக்குறைய 12,000. அடுப்படியிற் சிவப்பைச் சூடென்றும் நீலத்தைக் குளிரென்றும் நினைத்துப் பழகிய மனம் இதை ஏற்கச் சற்றுத் தயங்கும். வானத்தில் நீலமே கொதிப்பு. சிவப்பு ஒப்பீட்டளவிற் குளிர்ச்சி. இந்த அடிப்படையில் விண்மீன்களின் நிறமாலைகளை ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று வெப்பநிலை இறங்குவரிசையில் ஒழுங்குபடுத்தியவர் ஹார்வர்ட் வான்நோக்ககத்திற் பணியாற்றிய அன்னி ஜம்ப் கனன். சூரியன் ஜி வகை. ரைஜல் பி வகை. திருவாதிரை எம் வகை.

புதியவர்கள் பலர் “எல்லாம் வெள்ளையாகத்தானே தெரிகிறது” என்று சொல்வதுண்டு. குறை கண்ணில் இல்லை. புள்ளியாகக் குவிந்த ஒளியில் நிறத்தைப் பிரித்தறிவது கடினம். பைனாகுலரின் குவியத்தை வேண்டுமென்றே சற்றுக் கலைத்துவிடுங்கள். புள்ளி சிறு வட்டமாக விரியும்போது நிறம் வெளிப்படும். திருவாதிரையையும் ரைஜலையும் இவ்வாறு மாறி மாறிப் பார்த்தால், ஒன்று தணல் நிறமாகவும் மற்றது வெளிறிய நீலமாகவும் நிற்பதில் எவருக்கும் ஐயம் எழாது. அடிவானத்துக்கு அருகில் இருக்கும்போது சிரியஸ் சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி மின்னுவதைக் கண்டு ஏமாற வேண்டாம். அது வளிமண்டலத்தின் வேலை. மின்னாமல் நிலையாக ஒளிர்வது பெரும்பாலும் கோள்.

பிரகாசத்தை மட்டும் நம்புவதும் தவறு. சிரியஸ் 8.6 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. ரைஜல் ஏறக்குறைய 860 ஒளியாண்டு, அதாவது 100 மடங்கு தொலைவில். ஆனாலும் அது முதல்தரப் பிரகாசத்துடன் தெரிகிறது. இரண்டையும் ஒரே தூரத்தில் வைத்துப் பார்த்தால் ரைஜலின் முன் சிரியஸ் ஒரு பொருட்டே இல்லை. இதற்கு நேர்மாறானவை சிவப்புக் குள்ளன்கள். நமது பால்வீதியிலுள்ள விண்மீன்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு அவையே. ஆயினும் ஒன்றுகூட வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை. 4.24 ஒளியாண்டு தூரத்தில், சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான புரொக்சிமா சென்டோரியும் அந்த வகைதான். மே, ஜூன் இரவுகளில் தெற்கே அல்பா சென்டோரியைப் பார்க்கும்போது புரொக்சிமாவும் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளலாம். அவ்வளவே செய்ய முடியும்.

நான்காவது படி: நிறையைக் கொண்டு முடிவைக் கணித்தல்

ஒரு விண்மீன் எப்படி வாழ்ந்து எப்படி முடியும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பிறக்கும்போது அது பெற்றுக்கொண்ட நிறை. மையத்தில் ஐதரசன் கருக்கள் இணைந்து ஈலியமாக மாறும்போது வெளிப்படும் சக்தியே விண்மீனின் ஒளி. நிறை கூடிய விண்மீன் தன் எரிபொருளைத் தாறுமாறாகச் செலவழிக்கும். சூரியனின் மொத்த ஆயுள் ஏறக்குறைய 1,000 கோடி ஆண்டுகள். அதில் 460 கோடி கழிந்துவிட்டது. சூரியனைப் போல 20 மடங்கு நிறை கொண்டது ஒரு கோடி ஆண்டுகூட நிலைப்பது அரிது.

சூரியனைப் போன்றவை ஐதரசன் தீரும் கட்டத்தில் ஊதிப் பெருத்துச் சிவப்பு இராட்சதன்களாகும். உரோகிணியும், ஏப்ரல் மே மாதங்களில் உச்சிக்குச் சற்று வடக்கே தெரியும் சுவாதியும் இந்தக் கட்டத்தில் உள்ளவை. பின்னர் அவற்றின் வெளிப்படலங்கள் விலகிப் போக, பூமியின் பருமனுக்குச் சுருங்கிய மையம் மட்டும் எஞ்சும். அதுவே வெண்குள்ளன். சிரியஸின் துணையாக அப்படியொன்று இருக்கிறது. சிரியஸின் நடையில் தெரிந்த தள்ளாட்டத்தைக் கொண்டு அதை 1844 இல் ஊகித்தவர் பெசல். 1862 இல் தொலைகாட்டியிற் கண்டவர் அல்வன் கிரகாம் கிளார்க்.

வெண்குள்ளன் எவ்வளவு நிறையைத் தாங்கும் என்ற கேள்விக்கு விடை கண்டவர் ஒரு தமிழர் என்பதை இங்கே குறிப்பிடாமற் போக முடியாது. 1930 இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலிற் சென்றுகொண்டிருந்த 19 வயது சுப்பிரமணியன் சந்திரசேகர், பயண வேளையிலேயே அந்தக் கணக்கைத் தொடங்கினார். சூரியனைப் போல ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேற்பட்ட நிறையை வெண்குள்ளனாற் சுமக்க முடியாது என்பதே அவர் கண்ட எல்லை. அக்கால வானியலின் பெரும்புள்ளியான எடிங்டன் 1935 இல் அதைப் பகிரங்கமாக எள்ளி நகையாடினார். 1983 இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எல்லையைத் தாண்டிய மையம் என்னவாகும் என்ற கேள்வியிலிருந்துதான் நியூத்திரன் விண்மீனுக்கும் கருந்துளைக்கும் வழி பிறக்கிறது.

பிறப்பில் சூரியனைப் போல 8 மடங்குக்கு மேற்பட்ட நிறை கொண்டவை அமைதியாக அடங்குவதில்லை. திருவாதிரையும், விருச்சிகத்தின் கேட்டையும் இத்தகைய மாபெரும் சிவப்பு இராட்சதன்கள். இவற்றில் எதைச் சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தாலும் அது செவ்வாயின் சுற்றுப்பாதையையும் விழுங்கிவிடும். 2019 இன் கடைசியிலும் 2020 இன் தொடக்கத்திலும் திருவாதிரை வழக்கத்துக்கு மாறாக மங்கியபோது அது வெடிக்கப் போகிறது என்ற பேச்சு உலகெங்கும் பரவியது. அது கக்கிய தூசிப்படலம் நம் பார்வையை மறைத்ததே மங்கலுக்குக் காரணம் என்று பின்னர் தெரியவந்தது. வெடிப்பது உறுதி, நாளையாகவும் இருக்கலாம், ஒரு இலட்சம் ஆண்டுகள் கழித்தும் நிகழலாம்.

ஐந்தாவது படி: நியூத்திரன் விண்மீனைப் புரிந்துகொள்ளுதல்

பெருநிறை விண்மீனின் மையத்தில் ஐதரசன் ஈலியமாகவும், ஈலியம் காபனாகவும் ஒட்சிசனாகவும், படிப்படியாக இரும்பாகவும் மாறுகிறது. இரும்புக் கருக்களை இணைப்பதாற் சக்தி வெளிப்படாது. அத்துடன் அடுப்பு அணைகிறது. இரும்பு மையத்தின் நிறை சந்திரசேகர் எல்லையை எட்டியதும், ஒரு செக்கனுக்கும் குறைவான நேரத்தில் அது உள்நோக்கிச் சரிகிறது. இலத்திரன்கள் புரோத்தன்களுக்குள் நெருக்கப்பட்டு நியூத்திரன்கள் உண்டாகின்றன. நியூத்திரினோக்கள் என்ற நுண்துணிக்கைகள் பெருந்தொகையாக வெளியேறுகின்றன. வெளிப்படலங்கள் சுப்பர்நோவாவாக வெடித்துச் சிதறுகின்றன. 1987 பெப்ரவரி 23 அன்று பெரிய மெகல்லன் முகில் என்ற அண்டை விண்மீன் மண்டலத்தில் நிகழ்ந்த வெடிப்பின்போது, ஒளி வந்து சேர்வதற்குச் சில மணி நேரம் முன்னரே ஜப்பானின் கமியோகாண்டே உள்ளிட்ட கருவிகள் அந்த நியூத்திரினோக்களைப் பதிவு செய்தன. ஏட்டுக் கணக்காக இருந்தது அன்று கண்முன் மெய்யானது.

எஞ்சும் மையம் சூரியனைப் போல 1.4 மடங்கு நிறையை ஏறக்குறைய 24 கிலோமீற்றர் விட்டத்துக்குள் அடக்கிவைத்திருக்கிறது. மட்டக்களப்பு நகரிலிருந்து களுவாஞ்சிகுடிக்கு நேர்கோடு போட்டால் அதன் நீளம் ஏறக்குறைய அவ்வளவே. அந்தப் பொருளின் ஒரு கன சென்ரிமீற்றர் ஏறக்குறைய 40 கோடி தொன் நிறையுடையது. மேற்பரப்பிலுள்ள ஈர்ப்பு பூமியினதைப் போல 10,000 கோடி மடங்குக்கும் அதிகம். பெயரைப் பார்த்து முழுக்க முழுக்க நியூத்திரன் உருண்டை என்று எண்ணிவிடக் கூடாது: வெளியே இரும்பு போன்ற அணுக்கருக்களால் ஆன திண்மையான ஓடு, உள்ளே நியூத்திரன் செறிந்த திரவம், மையத்தில் இன்னும் ஆராயப்பட்டுவரும் நிலையிலுள்ள பொருள் என அடுக்கடுக்கானது.

பெரிய மையம் சிறிதாகச் சுருங்கும்போது கோண உந்தம் மாறாதிருப்பதால் சுழற்சி வேகம் பிடிக்கிறது. காந்தப்புலமும் அதேபோல் செறிகிறது. காந்த முனைகளிலிருந்து வெளியேறும் வானொலிக் கதிர்க்கற்றை, சுழலச்சுடன் சாய்வாக இருப்பதால், வானத்தை வட்டமாகத் துழாவிச் செல்லும். அது பூமியின் திசையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் நமக்கு ஒரு துடிப்புக் கிடைக்கிறது. இத்தகைய விண்மீனே பல்சர். கற்றை நம்மைக் கடக்காவிட்டால் அதே விண்மீன் நமக்குப் பல்சர் ஆகாது என்பதையும் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதற் பல்சரைக் கண்டவர் ஜோசலின் பெல், 1967 இல், கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்தபோது. தானும் சேர்ந்து கம்பி கட்டி அமைத்த வானொலித் தொலைகாட்டி நாள்தோறும் கக்கிய நீண்ட காகிதச் சுருள்களைக் கண்ணாற் பார்த்துப் பிரிப்பது அவருடைய வேலை. அதில் எதனுடனும் பொருந்தாத சிறு கிறுக்கல் ஒன்று, வானத்தின் ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப வருவதை அவர் விடாமற் கவனித்தார். காகிதம் வேகமாக ஓடும்படி செய்து பதிந்தபோது கிறுக்கல் 1.337 செக்கனுக்கு ஒருமுறை வரும் சீரான துடிப்பாகப் பிரிந்தது. வேற்றுலகவாசிகளின் சைகையோ என்று பாதி வேடிக்கையாக அதற்குப் பச்சை மனிதர்கள் என்ற பெயரும் வைத்தார்கள். 1974 இல் இதற்கான நோபல் பரிசில் அவருடைய மேற்பார்வையாளர் ஹூவிஷ் பங்கு பெற்றார், பெல் பெறவில்லை. அது அநீதி என்பதே என் கருத்து, பெல் அப்படிச் சொல்வதைத் தவிர்த்துவந்திருந்தாலும். 2018 இல் தமக்குக் கிடைத்த 30 இலட்சம் டொலர் பரிசை அவர் பௌதிகவியல் ஆய்வு மாணவர்களுக்கான உதவிநிதியாகக் கொடுத்துவிட்டார்.

பல்சர்களின் சுழற்சி பல செக்கனுக்கு ஒன்று என்பதிலிருந்து செக்கனுக்கு 716 வரை வேறுபடுகிறது. மிக வேகமானவை, துணை விண்மீனிலிருந்து பொருளை உறிஞ்சி வேகம் பெற்றவை. சூரியனல்லாத ஒன்றைச் சுற்றும் கோள்களாக முதன்முதலில், 1992 இல், உறுதிப்படுத்தப்பட்டவையும் ஒரு பல்சரைச் சுற்றுபவைதான். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூத்திரன் விண்மீன்கள் மோதி எழுப்பிய ஈர்ப்பலைகளை லைகோ, வேர்கோ நிலையங்கள் பதிவு செய்தன. தொடர்ந்து தெரிந்த ஒளியை ஆராய்ந்தபோது தங்கம் போன்ற கனமான மூலகங்கள் அத்தகைய மோதலில் உருவாவது தெளிவாயிற்று. கொட்டுப்பெட்டிக்குள் இருக்கும் நகைக்கும் இந்த விண்மீன்களுக்கும் அப்படியொரு தொடர்பு உண்டு.

காந்தப்புலம் மிகமிக வலிமையான நியூத்திரன் விண்மீன்களே மக்னெட்டார்கள். இவற்றைப் பற்றிச் சொல்லும்போது நம் கரையோர வாசகருக்கு ஒரு திகதியை விளக்கியாக வேண்டும். தனுசு உடுத்தொகுதியில் உள்ள எஸ்.ஜி.ஆர் 1806-20 என்ற மக்னெட்டாரின் பேரொளிர்வு பூமியை வந்தடைந்தது 2004 டிசம்பர் 27 அன்று, நமது நேரப்படி 28 அதிகாலை. சூரியன் பல்லாயிரம் ஆண்டுகளில் வெளிவிடும் சக்தியை அது ஒரு செக்கனுக்குள் வெளியிட்டது; பூமியின் மேல் வளிமண்டலத்திலுள்ள மின்னேற்றப் படலமான அயனமண்டலமே சற்று நேரம் குலைந்தது. டிசம்பர் 26 அன்று நம் கரையை அழித்த சுனாமியுடன் இதை முடிச்சுப் போட்டுப் பேசுவோர் இன்றும் இருக்கிறார்கள். நிலநடுக்கம் ஏற்பட்டு 44 மணி நேரம் கழிந்த பின்னரே அந்தக் கதிர்கள் வந்தன. ஒளியை முந்திக்கொண்டு வந்து கடலடியை அசைக்கக்கூடியது எதுவும் இல்லை. ஆகவே தொடர்புக்கு இடமே இல்லை.

நிறை இன்னும் கூடிய விண்மீன்களின் மையத்தை நியூத்திரன்களாலும் தாங்க முடியாது, அது கருந்துளையாகும். ஆகஸ்ட், செப்டெம்பர் முன்னிரவில் வடவானில் தெரியும் சிக்னஸ் உடுத்தொகுதியிலுள்ள சிக்னஸ் எக்ஸ்-1, சூரியனைப் போல ஏறக்குறைய 21 மடங்கு நிறையுடைய கருந்துளை.

ஆறாவது படி: மூன்று முகவரிகள்

நீட்டிய கையின் மூடிய முட்டி வானத்தில் ஏறக்குறைய 10 பாகை அகலத்தை மறைக்கும். இந்த அளவுகோல் ஒன்றே கீழ்வரும் மூன்றுக்கும் போதும்.

பெப்ரவரியில் உரோகிணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது இருக்கும் சாய்ந்த ஆங்கில ‘V’ வடிவக் கூட்டத்திலிருந்து வடகிழக்கே இடபத்தின் இரண்டு கொம்புகள் நீளும். வடக்குக் கொம்பின் முனை பிரகாசமான எல்நாத், தெற்குக் கொம்பின் முனை சற்று மங்கலான சீட்டா டோரி. சீட்டா டோரியிலிருந்து எல்நாத்தை நோக்கி ஒரு பாகை, அதாவது முழுநிலவின் அகலத்தில் இரண்டு மடங்கு, நகர்ந்தால் நண்டு நெபுலா என்ற வாயு முகிலின் இடம். 1054 ஜூலையிற் சீன வானியலாளர்கள் பகலிலும் 23 நாட்கள் கண்டு குறித்துவைத்த வெடிப்பின் எச்சம் அது. நடுவிலுள்ள பல்சர் செக்கனுக்கு 30 முறை சுழல்கிறது. தூரம் 6,500 ஒளியாண்டு. பாணமை போன்ற நல்ல இருட்டில், நிலைநிறுத்திய பைனாகுலரில், நேராகப் பார்க்காமற் பக்கவாட்டிற் பார்வையைச் செலுத்தினால் நெபுலா மெல்லிய மங்கலாகத் தட்டுப்படக்கூடும்.

மார்ச் கடைசியில் இரவு 8 மணியளவில் தெற்கு நோக்கி நில்லுங்கள். அகத்தியர் வலப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதிலிருந்து இடப்பக்கம் இரண்டு முட்டிக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், சிறிது மேலே, காமா வெலோரம் என்ற நீலவெள்ளை விண்மீன். அதற்கும் இடப்பக்கம் இன்னும் ஒரு முட்டி கடந்து, சற்று மேலே, செம்மஞ்சளான லாம்டா வெலோரம். குவியத்தைக் கலைத்து நிறங்களைச் சரிபார்த்துக்கொண்டால் ஆள் மாறாது. இவை இரண்டுக்கும் சரி நடுவில், வெறுமையாகத் தெரியும் இடத்தில், செக்கனுக்கு 11 முறை சுழன்றுகொண்டிருக்கிறது வேலா பல்சர். தூரம் ஆயிரம் ஒளியாண்டுக்குள். ஐரோப்பாவின் பெரும்பகுதியிலிருந்து இந்த இடம் அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை. நமக்கு அது 37 பாகை உயரத்தில், தென்னை மரங்களுக்கு மேலே வசதியாக நிற்கிறது.

மூன்றாவது, ஜூலைக் கடைசியில் இரவு 8 மணிக்கு. தெற்கு நோக்கி நின்றால் பாதி வானத்துக்கும் மேலே சிவந்து தெரிவது கேட்டை. அதற்கு நேர்மேலே ஒரு முட்டிக்குச் சற்று அதிகமான உயரத்தில், இம்மியளவு வலப்பக்கமாக, ஸ்கோர்பியஸ் எக்ஸ்-1 இருக்கிறது: துணை விண்மீனின் பொருளை இழுத்து விழுங்கும் நியூத்திரன் விண்மீன். ஏறக்குறைய 9,000 ஒளியாண்டு தூரத்திலிருந்தும், சூரியனை விட்டால் நம் வானத்தின் மிகப் பிரகாசமான நிலையான எக்ஸ் கதிர் மூலம் இதுவே. 1962 இல் ரொக்கெற் ஒன்றில் அனுப்பிய கருவி மூலம் இதைக் கண்டறிந்த குழுவின் தலைவர் ரிக்கார்டோ ஜியகோனிக்கு 2002 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஏழாவது படி: கொப்பியில் எழுதத் தொடங்குதல்

பார்ப்பதுடன் நின்றுவிடாமற் பயனுள்ள பதிவு ஒன்றைச் செய்ய விரும்புவோருக்குத் திருவாதிரையே மிகவும் ஏற்றது. அதன் பிரகாசம் மாறிக்கொண்டே இருக்கும். அதை அளக்கக் கருவி வேண்டியதில்லை. ரைஜலின் பிரகாச எண் ஏறக்குறைய 0.1, திருவாதிரைக்குக் கிழக்கே தெரியும் புரோசியனுடையது 0.4, உரோகிணியுடையது 0.9, புனர்பூசத்தின் பொலக்ஸ் 1.1, ஓரியனின் மற்றத் தோளான பெலாட்ரிக்ஸ் 1.6. எண் கூடினால் பிரகாசம் குறைவு. திருவாதிரை இவற்றில் எந்த இரண்டுக்கும் இடைப்பட்டது என்று பார்த்து, இடைவெளியில் எத்தனை பங்கு என்று மதிப்பிட்டு, திகதி, நேரம், வானத்தின் தெளிவு ஆகியவற்றுடன் எழுதிவையுங்கள். 2020 பெப்ரவரியில் இதைச் செய்திருந்தால் பெலாட்ரிக்ஸ் அளவுக்கு அது மங்கியிருந்ததைக் கண்டிருப்பீர்கள். 1911 இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்குநர் சங்கம் உலகின் எந்த மூலையிலிருந்தும் இத்தகைய மதிப்பீடுகளை ஏற்றுக்கொள்கிறது.

ஒப்பிடும்போது இரண்டு விண்மீன்களும் போதிய உயரத்தில் இருக்க வேண்டும். அடிவானத்திலிருந்து 30 பாகையிலும் குறைந்த உயரத்தில் உள்ள விண்மீனின் ஒளியை வளிமண்டலம் கணிசமாகக் குறைத்துவிடும். செம்மஞ்சள் விண்மீனை நெடுநேரம் உற்று நோக்கினால் அது கூடுதலான பிரகாசமாகத் தோன்றும் ஆதலால், சட்டென்று பார்த்து உடனே பார்வையை மாற்றிக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு ஒரு மதிப்பீடு போதுமானது. மே நடுப்பகுதிக்குப் பின்னர் திருவாதிரை சூரிய ஒளியில் மறைந்துவிடும். ஜூலைப் பிற்பகுதியில் விடியலுக்கு முன் கிழக்கே கடலுக்கு மேல் மீண்டும் தெரியத் தொடங்கும்போது பதிவைத் தொடரலாம்.